‘தெ.’ என்று எழுதிய கசெற்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு மலிபன் பிஸ்கட் ரின் இருக்கிறது. உள்ளே பதினொரு கசெற்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது மல்லாகத்திலிருந்து எங்கட ஆக்களும் நடந்தார்கள். காணி உறுதி, அடையாள அட்டைகள், அப்பம்மாவின் நகை எல்லாம் ஒரு பையில். இந்த ரின் இன்னொரு பையில். நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து நின்ற அந்த மழை இரவில், அந்தப் பை அப்பாவின் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கிக்கொண்டு கொடிகாமம் வரைக்கும் போயிருக்கிறது. அரிசிப் பையை விட்டுவிட்டு வந்தவர்கள் இதை விடவில்லை என்று அம்மா இன்றைக்கும் புறுபுறுப்பார்.

அதற்குக் காரணம் ஒரேயொரு கசெற். அறுபது நிமிட சோனி. அதன் ஒட்டுக்கடதாசியில் அப்பப்பாவின் நீலப் பேனை எழுத்து: ‘தெ. சமா’.

சமா என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கோயில் திருவிழாவில் சாமி வீதி சுற்றும்போது ஒவ்வொரு வீதியிலும் நிற்கும். அங்கே மேளக்காரர் நின்று அல்லது இருந்து, மணிக்கணக்கில் வாசிப்பார்கள். நாதஸ்வரம் கொஞ்சம் ஓய, தவில்கள் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்லும். சனம் மணலில் குந்தியிருந்து கையில் தாளம் போடும். அதுதான் சமா.

‘தெ.’ என்றால் என்னவென்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்டதில்லை. தெட்சணாமூர்த்தி. வேறென்ன?

யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933இல் இணுவிலில் ஒரு தவில் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பன் விஸ்வலிங்கமும் பேர்பெற்ற தவில்காரர். பிறகு அளவெட்டியில் வாழ்ந்தார். அதனால் இணுவில்காரர் அவரைத் தங்கட ஆள் என்பார்கள், அளவெட்டிக்காரர் தங்கட ஆள் என்பார்கள், மல்லாகத்தில் இருக்கிற நாங்கள் ரெண்டு பக்கத்துக்கும் தலையாட்டுவோம். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு அவர் வாசித்ததைப் பற்றி ஊரில் வயதானவர்கள் கதைக்கத் தொடங்கினால் தேத்தண்ணி ஆறிப்போகும். தமிழ்நாட்டுக்குப் போய், தவில் பிறந்த மண் என்று சொல்லிக்கொள்ளும் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்களையே வாயில் கைவைக்கச் செய்தவர். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே, இறந்துபோனார். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவில் 2015ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கலை பண்பாட்டுப் படங்களுக்கான விருது. படத்தைப் பார்த்தால் ஒன்று விளங்கும்: இந்த மனிசனைப் பற்றிய ஞாபகங்கள் மலைபோல இருக்கின்றன, அவருடைய சத்தம் கைப்பிடி அளவுதான் இருக்கிறது. இன்று இணையத்தில் கேட்கக் கிடைப்பவையும் பெரும்பாலும் ஆரோ ஒரு ரசிகர் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிய, இரைச்சல் நிறைந்த பதிவுகள்.

அப்படியென்றால் எங்கட ரின்னுக்குள் கிடப்பது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசியுங்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன்.

இந்தக் கசெற்றின் உண்மையான சொந்தக்காரர் என்று சொன்னால் அது என் சித்தப்பாதான். 90க்குப் பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம்போத்தல் விளக்கில்தான் அப்பாவும் சித்தப்பாவும் படித்தார்கள். ஆனால் பாட்டுக் கேட்காமல் இருக்க ஏலுமா? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின்சில்லில் தைனமோவை முட்டவிட்டு, அதிலிருந்து வயர் இழுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுத்து, ஒருத்தர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர் சுற்றியது செய்தி கேட்பதற்காக இல்லை, இந்தக் கசெற்றுக்காக. தவில் உச்சத்துக்குப் போகப் போக அவரும் தன்னை அறியாமல் வேகமாகச் சுற்றுவாராம். தவில் இன்னும் வேகமாகப் போகுமாம். அவர் இன்னும் வேகமாகச் சுற்றுவாராம். கடைசியில் தைனமோ தேயும் மணம் வர, அப்பப்பா உள்ளேயிருந்து சத்தம் போடுவாராம்.

93இல் சித்தப்பா கனடா போய்விட்டார். கசெற் இங்கே நின்றுவிட்டது. முப்பது வருடமாக ஸ்காபுறோவில் சிநேகிதர்கள் கூடும் இடமெல்லாம் “எங்கட அய்யா கைப்பட றெக்கோட் பண்ணின தெட்சணாமூர்த்தி ஊரில கிடக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். 2025இல், அவர் இறந்து ஐம்பது வருடம் நிறையும்போது, அதை எல்லாரும் கேட்க இணையத்தில் ஏற்றவேண்டும் என்பது அவர் ஆசை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. நான் வீட்டில் ஹெட்ஃபோன் போட்டபடி திரிகிற ஆள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

வேலை லேசாக இருக்கவில்லை. கசெற்றுக்குள் நாடாவைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற சின்னக் கம்பளித் துண்டு உதிர்ந்துபோயிருந்தது. இன்னொரு பழைய கசெற்றைப் பிரித்து, அதன் கூட்டுக்குள் எங்கள் நாடாவை மாற்றிப் போட்டேன். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒரு மாஸ்ரரிடம் கடன்வாங்கிய டெக்கின் தலையை ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். முதல் சுற்றிலேயே நாடா அறுந்தால் அதோடு கதை முடிந்தது என்ற பயத்தில், பதிவாகிற முப்பது நிமிடமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

நாடா அறவில்லை. நான் முதன்முதலாகக் கேட்டேன்.

அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. றெக்கோடரை மேளத்துக்குக் கிட்ட வைத்திருக்கிறார்கள், நாதஸ்வரம் தூரத்தில் எங்கேயோ கேட்கிறது. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுவது தகரத்தில் ஆலங்கட்டி மழை போல. தொப்பியில் கழி விழும்போது மைக் தாங்காமல் சத்தம் உடைகிறது. ரெண்டு தவில். ஒன்று நிதானமானது, மற்றது சுழன்று சுழன்று எங்கேயோ போய்விட்டு, சமத்துக்குச் சரியாக வந்து விழுகிறது. போகப் போக வேகம் கூடுகிறது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அது மனிசர் வாசிக்கிற வேகமே இல்லை. சனம் ‘ஆ’ என்று கத்துகிறது. நானும் கத்தினேன். சித்தப்பாவுக்கு உடனே வட்ஸ்அப்பில் ஒரு நிமிடத் துண்டு அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை, குரல் செய்திதான் அனுப்பினார். அதில் பத்து விநாடிக்கு ஒன்றுமே இல்லை. பிறகு “அதுதான் பிள்ளை” என்று மட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகி இன்னொரு ஊருக்குப் போகவேண்டும்.

கம்பஸில் ஒரு சிநேகிதி எனக்கு ஒரு நாவல் தந்தாள். கொழும்பில் பிறந்த மைக்கல் ஒண்டாச்சி 1976இல் எழுதிய ‘கமிங் த்ரூ ஸ்லோட்டர்’. நியூ ஓர்லியன்சில் ஜாஸ் என்ற இசை உருவாகிக்கொண்டிருந்த நாட்களில் கோர்னெற் வாசித்த பட்டி போல்டன் என்பவர்தான் கதாநாயகன். போல்டன் நிஜமான ஆள். 1907இல் மனநல விடுதிக்குப் போனவர், 1931இல் அங்கேயே இறந்தார். அவருடைய வாசிப்பு ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்கும் என்று ஊர் சொன்னது. ஆனால் இன்றைக்கு ஒரு சுரம்கூட இல்லை. மெழுகு உருளை ஒன்றில் பதிந்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக ஆட்கள் தேடுகிறார்கள், உருளை கிடைக்கவில்லை. படிக்கும்போது எனக்கு அளவெட்டி ஞாபகம் வந்துகொண்டேயிருந்தது.

அங்கிருந்து பிக்ஸ் பைடர்பெக்கிடம் போனேன். 1903இல் ஐயோவாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெடியன், இவரும் கோர்னெற்தான். 1924இலிருந்து சில வருடங்கள் இசைத்தட்டுகளில் வாசித்தார், குடித்தே உடம்பைக் கெடுத்து 1931இல் இருபத்தெட்டு வயதில் இறந்தார். இவரை நேசிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பேராசிரியர்கள் குறைவு, ஓய்வுபெற்ற கணக்காளர், ஆசிரியர் மாதிரி ஆட்கள்தான் கூட. அவர் வாசித்த ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் திகதி, ஊர், பதிவு இலக்கம், பக்கத்தில் ஆர் ஆர் இருந்தது என்று பட்டியல் போட்டு, பாட்டையும் சுத்தம்செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். நான் பல இரவுகள் அந்தப் பட்டியல்களைப் படித்துக் கிடந்தேன். தேர்வுக்குப் படிக்காமல்தான்.

அதில் என்னைப் பிடித்தது ஒரு சண்டை. பிக்ஸ், போல் வைட்மனின் பெரிய ஓர்கெஸ்ட்ராவில் இருந்தார். அவர் உடம்புக்கு ஏலாமல் போகத் தொடங்கிய 1929இல் அன்டி சீக்ரெஸ்ட் என்று இன்னொருத்தரை எடுத்தார்கள். அவர் பிக்ஸ் மாதிரியே வாசிப்பார். ஆகவே அந்த வருடத்துத் தட்டுகளில் எந்த எட்டு ஆவர்த்தம் பிக்ஸ், எது சீக்ரெஸ்ட் என்று இந்த ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு, விவாதித்து, பிரித்தார்கள். நான் கவனித்தது இதைத்தான்: தாங்கள் உயிராக நேசிக்கிற மனிசனின் கணக்கிலிருந்து நல்ல நல்ல துண்டுகளை அவர்களே எடுத்து இன்னொருத்தர் கணக்கில் போடுகிறார்கள். எங்கட ஊரில் இதைச் செய்தால் துரோகி என்பார்கள்.

இன்னொன்று, தவிலோடு சம்பந்தப்பட்டது. 1923இல் கிங் ஒலிவரின் குழு இசைத்தட்டுக்கு வாசித்தபோது கரண்ட் மைக் கிடையாது. புனல் மாதிரி ஒரு கொம்புக்கு முன்னால் நின்று வாசிக்கவேண்டும். பெரிய மேளம் அடித்தால் மெழுகில் வெட்டுகிற ஊசி துள்ளிவிடும். அதனால் பேபி டொட்ஸ் என்ற அந்த மேளக்காரர் மரக்கட்டைகளைத் தட்டித்தான் வாசிக்கவேண்டி வந்தது. பதிவில் இருப்பது அவருடைய உண்மையான வாசிப்பே இல்லை. உலகம் முழுக்க மேளக்காரருக்குத்தான் இந்த அநியாயம். ஊதுகிறவரின் ராகம் தட்டில் நிற்கும், அடிக்கிறவரின் கை காற்றோடு போகும்.

அந்தப் பட்டியல்காரர்களிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம், பதிவு சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்ப்பது. 78 சுற்று என்று பேர் இருந்தாலும் எல்லாத் தட்டுகளும் சரியாக 78இல் பதியப்பட்டவை இல்லை. ஆகவே சுருதியை வைத்துத் திருத்துவார்கள். சும்மா ஒரு ஆசைக்கு எங்கட கசெற்றிலும் அதைச் செய்து பார்த்தேன். தூரத்து நாதஸ்வரத்தோடு சுருதி ஒன்று விடாமல் கேட்கிறது. அது மாறாத சத்தம். முதல் நிமிடத்தில் அது இரண்டரைக் கட்டை.

முப்பதாவது நிமிடத்தில் நாலு கட்டை.

சுருதி ஏறாது. ஏறியதென்றால் நாடாதான் பிழை. கொஞ்ச நேரம் யோசித்த பிறகு விளங்கியது. அப்பப்பா பற்றறியில் றெக்கோட் செய்திருக்கிறார். பற்றறி இறங்க இறங்க மோட்டர் மெதுவாகச் சுற்றியிருக்கிறது, நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிய நாடாவை ஒழுங்கான வேகத்தில் போட்டால் எல்லாம் விரைவாகக் கேட்கும், சுருதியும் ஏறும். கணக்குப் பார்த்தால் கடைசியில் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பன்னிரண்டு கூட. சைக்கிள் தைனமோவில் கேட்டவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்கள் காலத்தில் எல்லாச் சத்தமும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மனிசர் வாசிக்கிற வேகமே இல்லை என்று நான் சொன்னேனே, அதில் ஒரு பங்கு பற்றறியின் வேலை.

கணினியில் சுருதியை ஒரே கட்டையில் நிற்கவைத்துத் திருத்த மூன்று இரவு எடுத்தது. திருத்திக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறங்கியது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடந்தது. வேகத்துக்குள் மறைந்துபோயிருந்த சொற்கட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சுழலுகிற அந்தத் தவில், ஒரு கோர்வையை முடிக்கிற மாதிரிப் போக்குக் காட்டிவிட்டு அரை அட்சரம் தள்ளி முடிக்கிற குறும்பு முதல் கேட்டபோது எனக்குப் பிடிபடவேயில்லை.

ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பம்மா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. எண்பத்தெட்டு வயது. கண் மங்கல், காது கூர்மை. “உதென்ன பிள்ளை கேக்கிறாய்?” என்றா. ஹெட்ஃபோனைக் கழற்றி அவவின் காதில் வைத்தேன். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டா. பிறகு சிரித்தா.

“தெற்கு வீதி.”

“என்ன அப்பம்மா?”

“தெற்கு வீதிச் சமா. எங்கட திருவிழா. உங்கட அப்பப்பா நாலு வீதிக்கும் நாலு கசெற் வாங்கினவர். வடக்கு வீதிக்கு வரேக்க விடிஞ்சு போச்சு.”

நான் ரின்னைத் திறந்தேன். ‘மே. சமா’ என்று ஒரு கசெற். அதை நாங்கள் மேளம் என்று வாசித்து வைத்திருந்தோம். ‘வ.’ என்று இன்னொன்று. ‘கி.’ இல்லை, எங்கேயோ தொலைந்திருக்கிறது. தெ. என்றால் தெற்கு.

அப்பம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தா. ரெண்டு தவிலும் மூச்சு வாங்குகிற ஒரு இடைவெளி வந்தது. நாலைந்து விநாடி. அந்த இடைவெளியில் தூரத்தில் ஒரு லவுட்ஸ்பீக்கர் பாடுவது எனக்கும் கேட்டிருக்கிறது. திருத்துவதற்கு முதல் அது சின்னப்பிள்ளை கீச்சிடுகிற மாதிரி இருந்தது, நான் பொருட்படுத்தவில்லை. அப்பம்மா பொருட்படுத்தினா.

“தேத்தண்ணிக் கடைக்காரன் அன்னக்கிளிப் பாட்டுப் போடுறான். அந்த முறை திருவிழா முழுக்க உந்தப் பாட்டுத்தான், காது புளிச்சுப் போச்சு.”

‘அன்னக்கிளி’ இளையராஜாவின் முதல் படம். 1976இல் வந்தது. தெட்சணாமூர்த்தி 1975இல் இறந்துவிட்டார்.

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டேன்: “இது தெட்சணாமூர்த்தி இல்லை எண்டு உங்களுக்கு எப்பவும் தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

“ஆர் என்னைக் கேட்டவை?”

உண்மைதான். எங்கள் வீட்டில் தவில் கதை எப்போதும் முன் விறாந்தையில் ஆம்பிளைகள் கதைக்கிற கதை. அப்பம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவா. திருவிழாவில் மணலில் விடிய விடிய இருந்து கேட்ட ஆள் அவவும்தான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

“அப்ப வாசிச்சது ஆர்?”

“பேர் ஞாபகமில்லை பிள்ளை. ஒராள் வயசாளி. மற்றவன் சின்னப் பெடியன், மீசையும் அரும்பேல்லை. அவன் வாசிச்ச வாசிப்புக்கு அப்பப்பா தன்ர சால்வையைக் கழட்டிப் போட்டவர். எனக்கு ஆத்திரம். புதுச் சால்வை.”

கசெற்றின் உள்ளட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் ஒருநாளும் திருப்பிப் பார்க்காத பின்பக்கம். அப்பப்பா அதில் ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘உபயம்’. அதற்குக் கீழே தன் பேரின் முதலெழுத்துகள். அந்த இரவுத் திருவிழாவுக்குக் காசு கொடுத்தவர் பேர் இருக்கிறது. எந்த வீதி என்று இருக்கிறது. விடிய விடிய வாசித்தவர்களின் பேர் இல்லை. அப்பப்பா நல்ல மனிசன், இசை தெரிந்தவர், சால்வையைக் கழற்றிப் போட்டவர். என்றாலும் பேர் எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வாசித்தவர்கள் எந்தச் சமூகம், கேட்டவர்கள் எந்தச் சமூகம் என்பதோடு இதற்குச் சம்பந்தம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாமிக்கு முன்னால் வாசித்தவர்களுக்குப் பந்தியில் எந்த இடம் கிடைத்தது என்பது எங்கட ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் எழுதுவதில்லை.

திருவிழா நோட்டீஸ் கிடைத்தால் பேர் இருக்கும். யாழ்ப்பாணத்து நோட்டீசில் எந்தெந்த மேளம் என்று அடிப்பார்கள். கோயில் ஐயரிடம் கேட்டேன், கிளாக்கராக இருந்த ஒருத்தரின் மகளிடம் கேட்டேன். இடம்பெயர்வில் எல்லாம் போய்விட்டது என்றார்கள். ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாதிரி நோட்டீசைத் தூக்கிக்கொண்டு ஓட எவருக்கும் தோன்றியிராது.

சித்தப்பாவுக்குச் சொல்ல ஒரு கிழமை எடுத்தது. அவர் முதலில் சிரித்தார். பிறகு வாதாடினார்.

“அன்னக்கிளிப் பாட்டு பிறகு மேலால றெக்கோட் பட்டிருக்கும் பிள்ளை. பழைய கசெற்தானே.”

“இல்லை சித்தப்பா. மேலால பட்டால் தவில் அழிஞ்சுபோகும். ரெண்டும் ஒண்டாக் கேக்குது. பற்றறி இறங்கேக்க தவில் எவ்வளவு ஏறுதோ அந்தப் பாட்டும் அவ்வளவுதான் ஏறுது. ரெண்டும் ஒரே இரவில ஒரே மைக்கில விழுந்த சத்தம்.”

“நான் அவரைக் கேட்டனான். அய்யாவின்ர மடியில இருந்து கேட்டனான்.”

“கேட்டிருப்பீங்கள். அது வேற திருவிழாவா இருக்கும். அப்ப உங்களுக்கு ஏழு எட்டு வயசு.”

அவர் பேசாமல் இருந்தார். ஸ்காபுறோவில் பனி அள்ளுகிற சத்தம் பின்னால் கேட்டது. பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதற்கு இப்போதும் என்னிடம் நல்ல பதில் இல்லை. “ஆரும் கண்டுபிடிக்கப் போறேல்லை. அவர் பேரில போட்டால் ஆயிரம் பேர் கேப்பினம். பேர் இல்லாமல் போட்டால் ஆர் கேப்பினம்?”

அவர் சொன்னது சரி. பேர் இல்லாத தவிலை எவரும் தேடி வரமாட்டார்கள். அதோடு அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை, தான் முப்பது வருடம் நம்பியதை நம்பவிடு என்று கேட்டார், அவ்வளவுதான். ஆனால் நான் அந்தச் சின்னப் பெடியனையே நினைத்துக்கொண்டிருந்தேன். தெட்சணாமூர்த்தி இறந்து ஒன்றிரண்டு வருடத்துக்குள், அவர் வாசித்த அதே ஊர்களில், அவரைக் கேட்டு வளர்ந்த சனத்துக்கு முன்னால், மீசை அரும்பாத ஒருத்தன் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் எடுத்த ஒவ்வொரு கோர்வையையும் சனம் அவருடையதோடு ஒப்பிட்டிருக்கும். அந்த இரவில் அவன் அரை அட்சரம் தள்ளி முடித்ததை நாங்கள் அவரிடமே திருப்பிக் கொடுத்தால், அவனிடம் என்ன மிச்சம்? சித்தப்பாவிடம் இதைத்தான் சொன்னேன், இவ்வளவு வடிவாக இல்லை, திக்கித் திக்கி. போனில் அழவும் செய்தேன். ஏனென்று தெரியவில்லை.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்தது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வந்த தலைமுறை 2005இல் ‘நூலகம்’ என்ற பேரில் இணையத்தில் ஒன்றைத் தொடங்கி, புத்தகம் புத்தகமாக ஸ்கான் செய்து ஏற்றினார்கள். இப்போது ஒலிப்பதிவுகளையும் படங்களையும்கூட ‘ஆவணகம்’ என்று சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்க்கிறவர்களின் வேலையைப் பார்த்தால், பிக்ஸ் ரசிகர்களின் அதே சலிப்பூட்டும் கேள்விகள்தான்: ஆர், எங்கே, எப்போது, எதில் பதிந்தது, ஆர் வைத்திருந்தது. நானும் ஒரு தாளில் எழுதினேன். இடம்: மல்லாகம், கோயில் தெற்கு வீதி. காலம்: 1976 அல்லது அதற்குப் பிறகு. பதிந்த விதம்: பற்றறி, வேகம் பிழை, திருத்தப்பட்டது. தகவல்: பதிந்தவரின் மனைவி, நேரில் கேட்டவர். நாதஸ்வரம்: தெரியாது. தவில்: இருவர், ஒருவர் முதியவர், ஒருவர் சிறுவர், பெயர் தெரியாது.

கடைசி வரியை எழுதிவிட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இப்போது அறுபத்தைந்து வயது இருக்கும், இருந்தால். இங்கே இருக்கலாம். பாரிசில் இருக்கலாம். நீங்கள் ஆரேனும் உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள்: 76, 77 பக்கம், மல்லாகத்தில், தெற்கு வீதியில், புதுச் சால்வை ஒன்று.

ரெண்டு கிழமை கழித்து சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது. ‘தெட்சணாமூர்த்தி’ என்ற சொல் அதில் இல்லை.

“திருத்தினதைப் போடு பிள்ளை. ஆனால் திருத்தாததையும் எனக்குத் தனிய அனுப்பிவிடு. நான் சுத்திச் சுத்திக் கேட்டது அதுதானே.”

ரெண்டையும் அனுப்பினேன். பெரிய பைல், போய்ச்சேர விடிந்துவிட்டது.